கட்டாயம் யாருக்கு?

கேள்வி: மகனுக்கு எட்டு வயசு, ஓட்டிசம். பள்ளிக்கு அனுப்பாவிட்டால் குற்றமாம். கூட்டிப்போனால், "இங்கே விசேட அலகு இல்லை, வேறு இடம் பாருங்கோ" என்கிறார்கள். நான் என்னதான் செய்ய?
– ஒரு தாய், மூதூர்

பதில்: 1998இல் கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது வயது 5 முதல் 14. 2016இல் அதை 16 ஆக்கினார்கள். பெற்றோரின் காதைத் திருக இரண்டு வருடம் கூடியது. பள்ளிக்கூட வாசல்தான் அதே அகலம்!

ஆனால் உங்களுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. வலது குறைந்தோர் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். குறைபாட்டைக் காட்டி அனுமதி மறுப்பது அதன் 23ஆம் பிரிவுப்படி பாகுபாடு. மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். (கால் நூற்றாண்டு தாண்டிய சட்டம் என்றாலும், பல அதிபர்களுக்கு இன்னும் அறிமுகமாகவில்லை.)

வழக்குக்கு முன் ஒன்று செய்யுங்கள். "இடமில்லை என்பதை எழுதித் தாங்க சேர்" என்று கேளுங்கள். வாயால் நூறு தரம் மறுப்பவருக்கும் பேனையை எடுத்ததும் எங்கோ ஒரு வாங்கு காலியாகிவிடும். ஆகாவிட்டால், அந்தக் கடிதத்தின் பிரதியோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். மூலப்பிரதியை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.