ஒட்டகத்தை மறவாத ரயில்

நன்றியறிதலை ஆஸ்திரேலியாவின் கான் ரயிலிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். தெற்கே அடிலெய்டில் புறப்பட்டு, கண்டத்தின் நடுவே செம்மண் பாலையை ஊடுருவி, 2,979 கிலோமீட்டர் ஓடி வடகோடியில் டார்வினைத் தொடும் இந்தச் சொகுசு ரயில், தனக்கு முன்னால் அந்த வழியில் நடந்தவர்களை மறக்கவில்லை. ஆப்கான் ஒட்டக ஓட்டிகளை வைத்து வந்த பெயர்தான் கான். ரயிலின் சின்னமே ஒட்டகமும் அதன்மேல் அமர்ந்திருக்கும் ஓர் ஆளும்தான். உலகில் எத்தனையோ ரயில்கள் அரசர்களின் பெயரையும் அரசிகளின் பெயரையும் சுமந்து ஓடுகின்றன. கூலிக்குச் சுமை ஏற்றிப் போனவர்களின் பெயரைச் சுமக்கப் பெருமனது வேண்டும்.

அந்தப் பெருமனது வருவதற்குச் சற்றுக் காலம் பிடித்தது. 1860இல் பர்க், வில்ஸ் தலைமையில் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட குழுவுக்காக ஒட்டகங்களோடு சில ஓட்டிகளும் மெல்போர்னில் வந்து இறங்கினார்கள். அடுத்து 1866இல் தாமஸ் எல்டர் என்ற செல்வந்தர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களைப் போர்ட் அகஸ்டாவில் இறக்கினார். அதன் பிறகு வந்தவர்கள் ஏராளம். பலுசிஸ்தான், பெஷாவர், சிந்து, பஞ்சாப் என்று பல இடத்து ஆட்கள். குதிரைக்கும் மாட்டுக்கும் தண்ணீர் கிடைக்காத நிலத்தில் தந்திக் கம்பி, ஆட்டு ரோமம், மாவு மூட்டை எல்லாம் அவர்களுடைய ஒட்டகங்களின் முதுகில்தான் போயின. ரயில் பாதை போட வேண்டிய சாமான்களையும் அவர்களே சுமந்து கொடுத்தார்கள். தங்கள் பிழைப்பைப் பறிக்கப்போகிற பாதைக்குத் தாங்களே பொருள் சுமந்த மனிதர்கள் அவர்கள்.

நாடு அவர்களைக் கவனிக்காமல் விடவில்லை. 1903இன் குடியுரிமைச் சட்டம் ஆசியாவில் பிறந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாதபடி பார்த்துக்கொண்டது. மர்ரீ என்ற ரயிலூரில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஒட்டக ஓட்டிகளும் பழங்குடி மக்களும் என்று குழப்பம் இல்லாமல் இடம் பிரித்துக் கொடுத்தார்கள். 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டக ஒழிப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றி, திரியும் ஒட்டகங்களைச் சுடுவதற்கு வழிசெய்தது. கூடவே நடந்த விலங்கைச் சுட்டுப்போட மனம் வராத பல ஓட்டிகள் அவற்றைப் பாலையில் அவிழ்த்துவிட்டார்கள். 1929 ஆகஸ்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு முதல் கான் ரயில் போய்ச் சேர்ந்தது. அவிழ்த்துவிட்ட ஒட்டகங்களின் வாரிசுகள் காட்டு ஒட்டகங்களாகப் பெருகின. 2009க்கும் 2013க்கும் இடையே அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் சுமார் 1,60,000 ஒட்டகங்களைக் குறைத்தார்கள். பெரும்பாலானவை சுடப்பட்டவை. இவ்வளவுக்கும் பிறகும் ரயிலின் மேல் ஒட்டகத்தை வரைந்து வைத்திருப்பவர்களை மறதிக்காரர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவருக்குச் சிரமம் மிகக் குறைவு. மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். நம் குளிர்காலம் அங்கே கோடை, வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அடிலெய்டிலிருந்து வடக்கே போனால் வழக்கமாக இரண்டு இரவுகள். டார்வினிலிருந்து தெற்கே வந்தால் மூன்று. தெற்கே வரும் பயணத்தில் ஓப்பல் கல் தோண்டும் கூபர் பீடியையும் பார்க்கலாம் என்பதால், நேரம் இருப்பவர்கள் டார்வினில் ஏறுவதுதான் நல்லது. கோல்டு வகுப்பில் பகலில் இருக்கையாக இருப்பது இரவில் மேலும் கீழுமான படுக்கைகளாகும். அதில் தனியாள் அறை எடுத்தால் குளியலறையும் கழிப்பறையும் பெட்டிக்குப் பொது. பிளாட்டினம் வகுப்பில் அகலமான அறை, சேர்ந்தாற்போல் குளியலறை. பெரிய பெட்டி சாமான் வண்டிக்குப் போய்விடும். இரவுக்கு வேண்டிய துணியைக் கைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, மது, இறங்கிச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். அந்தக் கட்டணம் ஒருவருக்குப் பல ஆயிரம் டாலர். எதை எங்கே எவ்வளவு நேரம் பார்ப்பது, யாரிடம் பேசுவது என்ற கவலையெல்லாம் அந்தத் தொகையோடு தீர்ந்துவிடுகிறது.

பெட்டிகளின் பராமரிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் செய்த, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பெட்டிகள் இன்றும் கண்ணாடியாக மின்னுகின்றன. உள்ளே மரவேலைப்பாடு, வெள்ளை விரிப்பு, வெள்ளிக் கரண்டி. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்ன பாராட்டு இந்தப் பெட்டிகளுக்கு அப்படியே பொருந்தும்.

பயணிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கான் ரயிலின் நிதானம் மெச்சத்தக்கது. முன்பெல்லாம் அதில் உட்கார்ந்து போகும் வகுப்பு ஒன்று இருந்தது. ஓய்வூதியக்காரர்கள், முன்னாள் ராணுவத்தினர், முதுகுப்பையோடு ஊர் சுற்றும் இளைஞர்கள், பாதையோர ஊர்களிலிருந்து மருத்துவமனைக்கும் உறவினர் வீட்டுக்கும் போக வேண்டியவர்கள் என்று கண்டவர்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். சலுகைக் கட்டணத்துக்கு மத்திய அரசு கொடுத்து வந்த பணம் நின்றது. 2016இல் அந்த வகுப்பும் போயிற்று. ரயிலில் அமைதி திரும்பியது. இப்போது உணவுக்கூடத்தில் எதிரே உட்காருகிறவரும் உங்களைப் போலவே அந்த நிலத்தை முதல் தடவை பார்க்க வந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் குறுக்கிட்டு, நீங்கள் பார்ப்பது இன்னாருடைய ஊர், இன்னாருடைய ஓடை என்று சொல்லும் தொந்தரவு இருக்காது.

வாக்குக் காப்பதில் இந்தப் பாதைக்கு நிகர் இல்லை. 1911இல் வடபிரதேசத்தைத் தெற்கு ஆஸ்திரேலியாவிடமிருந்து ஏற்றுக்கொண்டபோது, டார்வினுக்கு ரயில் பாதையைக் கொண்டு சேர்ப்பேன் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டது. எப்போது என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. முதல் பயணிகள் ரயில் டார்வினுக்குள் நுழைந்தது 2004 பிப்ரவரியில். 93 ஆண்டுகள் கழித்தாவது சொன்னதைச் செய்தார்கள். அதற்குப் பொதுப் பணம் பெருமளவில் போயிற்று. பயணிகள் ரயில் சேவையோ 1997லேயே தனியாருக்கு விற்கப்பட்டிருந்தது. மூன்று தலைமுறை காத்திருந்த வடக்கத்திக்காரருக்குக் கடைசியில் ரயில் வந்தது. வந்து பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் உட்கார்ந்து போகும் இருக்கை போயிற்று.

சாப்பாட்டைப் பாராட்டாமல் போனால் பாவம். பாராமுண்டி மீன், கங்காரு இறைச்சி, குவாண்டாங் பழம், எலுமிச்சை மணம் வீசும் மிர்ட்டில் இலை என்று அந்த மண்ணின் ருசிகளை நேர்த்தியாகச் சமைத்துப் போடுகிறார்கள். எந்தச் செடியைத் தின்னலாம், எதை எப்போது பறிக்கலாம் என்று பல்லாயிரம் ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. அது இன்று மூன்று சுற்று விருந்தாகத் தட்டுக்கு வந்துவிடுகிறது. அறிவைச் சேர்த்தவர்களின் வழிவந்தவர்களில் எத்தனை பேரால் அந்தக் கட்டணத்தைக் கட்டி எதிரே உட்கார முடியும் என்பதைச் சமையல் குறிப்பு சொல்லாது.

காட்சிகளை அளந்து தருவதிலும் ஒரு சிக்கனம் உண்டு. பாலையின் பெரும்பகுதி நீங்கள் தூங்கும்போது கடந்துவிடும். வடக்கே போகும்போது விடியலில் மார்லாவில் ரயில் நிற்கிறது, தீ மூட்டி வைத்திருக்கிறார்கள், சூடாக ஏதாவது குடித்துக்கொண்டே சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். ஆரெர்ண்டே மக்கள் பார்ன்டுவே என்று அழைக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குச் சில மணி நேரம். கேத்தரினில் இறங்கி நிட்மிலுக் பள்ளத்தாக்கில் படகுச் சவாரி. இந்த ஒன்றை மட்டும் நேராகவே புகழ்ந்துவிடுகிறேன். அந்த நிலம் 1989இல் ஜாவோயின் மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அங்கே நீங்கள் நிலத்துக்கு உரியவர்களின் விருந்தாளியாகப் போகிறீர்கள்.

இன்னும் அமைதியான ரயில் வேண்டுமென்றால் சிட்னியிலிருந்து பெர்த்துக்கு 4,352 கிலோமீட்டர் ஓடும் இண்டியன் பசிபிக் இருக்கிறது. 1970இல் ஓடத் தொடங்கியது. நல்லார்பார் சமவெளியில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத தண்டவாளம், உலகிலேயே நீளமான நேர்ப்பாதை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை என்று பயணிகள் வியந்து சொல்வார்கள். ஒன்றுமே இல்லாதபடி ஆக்குவதற்கு எவ்வளவு உழைப்பு ஆயிற்று என்பதையும் சேர்த்து வியக்க வேண்டும்.

அந்த நேர்ப்பாதையின் கிழக்கு முனையில் ஊல்டியா. வறண்ட நிலத்தின் நடுவே வற்றாத ஊற்று இருந்த இடம். நான்கு திசையிலிருந்தும் பழங்குடி மக்கள் அங்கே கூடினார்கள், பண்டம் மாற்றினார்கள், சடங்கு நடத்தினார்கள். 1917 அக்டோபரில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் அங்கேதான் இணைந்தன. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், ஊற்றை இறைத்தார்கள். 1920களிலேயே அந்த நீர் பயன்படாமல் போயிற்று. பிறகு 1952இல் அங்கிருந்த கிறிஸ்தவ மிஷன் மூடப்பட்டு, மக்கள் தெற்கே யலாட்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுடைய நிலத்தில், ரயில் பாதைக்கு வடக்கே மரலிங்காவில், 1956இலும் 1957இலும் பிரிட்டன் ஏழு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. சிறிய சோதனைகள் 1963 வரை நடந்து, புளூட்டோனியத்தை மண்ணில் விட்டுப் போயின. 1984இல்தான் அவர்களுக்கான நில உரிமைச் சட்டம் வந்தது. இவ்வளவும் நடந்த வெளியை ஓர் அதிர்வும் இல்லாமல், கோப்பையில் ஒயின் தளும்பாமல், மணிக்கணக்கில் கடக்க வைக்கிற ரயிலின் ஓட்டத்தை எந்தப் பொறியியலாளரும் பாராட்டத்தான் வேண்டும்.

குக் என்ற ஊரில் ரயில் நின்று தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். இறங்கி நடக்கலாம். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீச்சல்குளம் எல்லாம் இருந்த ரயில்வே ஊர் அது. 1997 விற்பனைக்குப் பிறகு ஊர் காலியாயிற்று. இப்போது அங்கே இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆளில்லாத ஊர் பயணிகளுக்குப் பிடித்தமான படப்பிடிப்பு இடமாகிவிட்டது. பிழைப்பு இழந்த ஊருக்கும் ஒரு பயன் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நிலம் வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய நிலம், ரயிலில் பார்ப்பது விமானத்தில் தாண்டுவதைவிட எவ்வளவோ மேல். திட்டம் போடும்போது இரண்டு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். அடிலெய்டில் லிட்டில் கில்பர்ட் தெருவில் 1888, 1889ஆம் ஆண்டுகளில் கட்டிய மசூதி இன்றும் தொழுகையோடு இருக்கிறது. ஒட்டக ஓட்டிகள் முதுமையில் ஒதுங்கிய இடம் அது. வண்டி அமர்த்திக்கொள்ள முடிந்தால் வடக்கே மர்ரீ வரை போங்கள். பழைய பாதை அடிக்கடி வெள்ளத்தில் அடித்துப்போனதால் 1980இல் கான் ரயிலை மேற்கே தள்ளிப் புதுப் பாதையில் விட்டார்கள். அன்றோடு மர்ரீக்கும் ஊட்னடாட்டாவுக்கும் அது வருவதில்லை. பழைய எஞ்சின்கள் மர்ரீ நிலையத்தில் நின்றபடி துருப்பிடிக்கின்றன. பயணக் கட்டணத்தில் இவை அடங்காது.

ரயிலை விட்டு இறங்கும்போது உங்கள் கருத்தைக் கேட்பார்கள். சாப்பாட்டையும் படுக்கையையும் தாராளமாகப் புகழுங்கள், அவற்றுக்காகப் பாடுபடும் ஊழியர்கள் அதற்குத் தகுதியானவர்கள். அதன் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: பாதையோரத்து மக்கள் கட்டக்கூடிய கட்டணத்தில், உட்கார்ந்து போகும் பெட்டி ஒன்றை இந்த ரயிலில் மறுபடி இணைக்க வேண்டும்.