50 லட்சம் பேருக்கு அதிபர்

(கோட்டக்குப்பம், கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடை. தம்பி போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளில் சிலர் இப்படித்தான் நாடாள்கிறார்கள்.)

பாய்: டீ ஆறுது தம்பி. யார்கூட அரட்டை?

தம்பி: அரட்டை இல்ல பாய், ஆட்சி! ‘நேஷன்ஸ்டேட்ஸ்’னு ஒரு விளையாட்டு. சண்டைக் காட்சி கிடையாது, எல்லாம் எழுத்துதான். நாடு ஆரம்பிச்ச அன்னிக்கே 50 லட்சம் குடிமக்கள்.

பாய்: என் கடையில ரெண்டே பசங்க. அவனுங்களே சொன்ன பேச்சு கேக்கறதில்ல.

தம்பி: தேசிய விலங்கையும் நாமளே வச்சுக்கலாம். நான் ஆடு வச்சிருக்கேன்.

பாய்: பக்ரீதுக்கு என்ன பண்ணுவே?

தம்பி: (யோசித்து) அவசரச் சட்டம்தான். இந்த விளையாட்டை 2002ல ஆஸ்திரேலியா எழுத்தாளர் மேக்ஸ் பேரி தன் நாவலுக்கு விளம்பரமா ஆரம்பிச்சாராம். அந்த நாவல்ல எந்தக் கம்பெனியில வேலையோ, அதான் ஆளோட கடைசிப் பேரு.

பாய்: அப்ப உனக்குப் பாதிப் பேருதான்.

தம்பி: (கேட்காதது போல) அப்பப்ப ஒரு பிரச்சினை வரும் பாய். கூடவே சில யோசனை. ஒண்ணைத் தொட்டா அதுவே சட்டம். எதுவும் பிடிக்கலையா, தள்ளுபடி!

பாய்: அந்த பட்டன் எனக்கு நல்லாத் தெரியும். மனு வாங்கற இடத்துல எல்லாம் இருக்கு. மத்த பட்டன்தான் வேலை செய்யாது.

தம்பி: 28 நாள் நாம எட்டிப் பாக்கலைன்னா நாடே காணாமப் போயிடும்.

பாய்: ஓட்டு வாங்கிட்டுப் போறவங்களுக்கு இதை வச்சா, மேப்புல பாதி இருக்காது.

தம்பி: இதுல ஐ.நா. சபையும் இருந்துச்சு. நிஜ ஐ.நா. அந்தப் பேரை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் விட்டதால, 2008ல உலகப் பேரவைன்னு மாத்திட்டாங்க.

பாய்: பரவால்லையே, ஐ.நா. சொல்லி ஒருத்தர் கேட்டிருக்காரு! நம்ம திருவண்ணாமலை நித்யானந்தாவும் இப்படித்தான் நாடு வச்சாரா?

தம்பி: அவர் ரேஞ்சே வேற. 2023ல அமெரிக்காவுல நெவார்க் நகரமே அவர் நாடான கைலாசாவோட ஒப்பந்தம் போட்டுச்சு. அது நிஜ நாடே இல்லைன்னு தெரிஞ்சதும் ரத்து பண்ணிட்டாங்க. அதை விடுங்க, விளையாடறவங்களே புதுப் பிரச்சினை எழுதி அனுப்பலாம். ஒண்ணு சொல்லுங்க.

பாய்: எழுதிக்கோ. 1980கள்ல பாண்டி துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள அலைத்தடுப்பு கட்டினாங்க. நம்ம கடல்ல மணல் வருஷத்துல பெரும்பாலும் தெற்கேர்ந்து வடக்கே போகும். அதைக் கல்லு மறிச்சுது. தெற்கே குவிஞ்சுது, வடக்கே அரிச்சுது. பாண்டி தன் கரையில கல்லைக் கொட்டிக்கிச்சு. அரிப்பு எல்லை தாண்டி நம்ம தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு வந்து வீடுங்களைத் தின்னுது.

தம்பி: இது செல்லாது பாய். விளையாட்டுல நான் போடற சட்டம் என் நாட்டை மட்டும்தான் தொடும்.

பாய்: இங்க தெரு தாண்டினா வேற அரசாங்கம். அங்க 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. பட்டன் அங்க, பள்ளம் இங்க.

தம்பி: சரி, யோசனையாவது சொல்லுங்க.

பாய்: ஒண்ணு, கல் கொட்டு. ரெண்டு, கடலுக்குள்ள கல்லை நீட்டித் தூண்டில் வளைவு போடு. மூணு, தெற்கே குவியற மணலை அள்ளி வடக்கே போடு. துறைமுகம் கட்டும்போது போட்ட திட்டத்துலயே மூணாவது இருந்துச்சு.

தம்பி: அப்ப மூணாவதுதான்!

பாய்: அதுக்குத் தினம் வேலை செய்யணும் தம்பி. கல்லுன்னா கொட்டிட்டு போட்டோ எடுத்துக்கலாம். கொட்டின இடம் நிக்கும், அதுக்கு வடக்கே அரிக்கும். அடுத்த குப்பத்துக்காரங்க இப்பவே மனு எழுதி வச்சுக்கட்டும்.