எங்கேயும் போகாத ஒரு ரயில் பயணம்

கார்ல்ஸ்ரூ, ஜெர்மனி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா உங்களுக்குப் போன் போட்டு, "உன் மருமகனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. லீவு நாள்ல விடியக்காலம் எழுந்து ரயில் ஏறுறான், ராத்திரி அதே ஸ்டேஷன்ல வந்து இறங்குறான்" என்று புலம்பியதாகத் தகவல் வந்தது. நீங்களும் உடனே எனக்குப் போன் போடாமல், "விவரமாக எழுது" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறீர்கள். ரயில்வேயில் இருந்தவர் அல்லவா, எழுத்துமூலம் விளக்கம் கேட்டால்தான் உங்களுக்குத் திருப்தி. இதோ என் தரப்பு விளக்கம்.

நம் குடும்பத்தில் ரயில் ஏறக் காரணம் வேண்டும். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி, கோர்ட்டு. "யாரைப் பார்க்கப் போன?" என்று அம்மா கேட்டாள். யாரையும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" ரயிலுக்காகத்தான் என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறேனா என்று விசாரித்தாள்.

முதல் குற்றவாளி இங்கே விற்கிற மாதச் சீட்டு. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று பெயர். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள். 2025-ல் 58 ஆயிற்று, 2026 பிறந்ததும் 63. அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, பாசஞ்சர் வண்டி எதில் வேண்டுமானாலும் ஏறலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கலாம். பெரிய ஊர்களுக்கு நடுவே பறக்கிற வேக வண்டிகளில் மட்டும் கால் வைக்கக் கூடாது. ரிசர்வேஷன் இல்லை, சார்ட் இல்லை, ஆர்.ஏ.சி. இல்லை, பிளாட்பாரம் டிக்கெட்டும் இல்லை. சீட்டில்லாமல் மாட்டினால் 60 யூரோ தண்டம், அவ்வளவுதான். காசு கட்டியாகிவிட்டது, வீட்டில் உட்கார்ந்தால் நஷ்டம் என்கிற கணக்கு நம் ரத்தத்திலேயே ஊறியதுதானே மாமா?

இரண்டாவது குற்றவாளி எங்கள் மாடியில் குடியிருக்கிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் வீட்டுச் சுவரில் ஜெர்மனியின் ரயில்வே மேப் தொங்குகிறது. பயணம் செய்து முடித்த பாதையை எல்லாம் சிவப்புப் பென்சிலால் தடவி வைத்திருக்கிறார். இந்த ரயில் பைத்தியங்களுக்குள் பல ஜாதி. ஒரு கூட்டம் மலைமேல் ஏறிப் போட்டோ எடுக்கும். ஒரு கூட்டம் எஞ்சின் நம்பர் எழுதும். இவர் எல்லாத் தடத்திலும் உட்கார்ந்தே தீருவேன் என்று விரதம் பூண்ட கூட்டம். "ஞாயிற்றுக்கிழமை ஒரு வட்டம் அடிக்கலாமா?" என்று கேட்டார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வட்டம் என்றால் நிஜமாகவே வட்டம். கார்ல்ஸ்ரூவிலிருந்து ஆஃபன்பூர்க், அங்கிருந்து மலையேறி டோனவ்எஷிங்கன், அங்கே வண்டி மாறி ஃப்ரைபூர்க், ஃப்ரைபூர்க்கிலிருந்து சமவெளி வழியாக மறுபடி கார்ல்ஸ்ரூ. நடுவில் இருப்பது பிளாக் ஃபாரஸ்ட். ஆமாம், பேக்கரியில் கேக்காக விற்கிறதே, அதே பெயர்தான். நிஜத்தில் அது ஊசியிலை மரங்கள் நெருங்கி நிற்கிற ஒரு மலைத்தொடர்.

வண்டி இரண்டடுக்கு. பெங்களூரு டபுள் டெக்கர் அரக்கோணத்தில் நிற்கும்போது பார்ப்பீர்களே, அந்த வகை, ஆனால் சிவப்பு. மேல்தளத்தில் உட்கார்ந்தோம். டீ, காப்பி, சுண்டல் என்று ஒருத்தரும் வரவில்லை. பெட்டி முழுக்க அப்படி ஓர் அமைதி. ஹோர்ன்பெர்க் ஸ்டேஷன் தாண்டியதும் வாத்தியார் மடியில் துண்டை விரித்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். வண்டி டனலுக்குள் நுழைந்ததும் மளமளவென்று ஓடு உரித்தார். வெளிச்சம் வந்ததும் கையை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அடுத்த டனலில் உப்பு. அதற்கடுத்ததில் முட்டை உள்ளே போயிற்று. வெளிச்சம் இருக்கும்போது சாப்பிட்டால் காட்சி வீணாகிவிடுமாம். அந்தப் பாதையில் 39 டனல். முழு விருந்தே சாப்பிடலாம்.

ஏன் இத்தனை டனல் என்று கேட்பீர்கள். ஹோர்ன்பெர்க்குக்கும் சாங்க்ட் கேயார்கன் என்கிற மலையூருக்கும் நேர்கோட்டில் 11 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற வேண்டிய உயரம் கிட்டத்தட்ட 450 மீட்டர். நேராக விட்டால் அந்தக் காலத்து நீராவி எஞ்சின் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். அதனால் ராபர்ட் கெர்விக் என்கிற எஞ்சினியர் தண்டவாளத்தை மலைச்சரிவில் இரண்டு பெரிய வளையமாகச் சுற்றவிட்டு, 11 கிலோமீட்டரை 26 ஆக நீட்டினார். ஏற்றம் எங்கேயும் ஐம்பதுக்கு ஒன்றைத் தாண்டாது. பக்கத்து ராஜ்யமான வூர்ட்டம்பெர்க் வழியாக இவ்வளவு கஷ்டமில்லாத பாதை ஒன்று இருந்தது. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட பாடன்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நம் தண்டவாளம் அவன் மண்ணில் போவதா என்று மலையையே குடைந்துவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து மாநிலம் எப்படிப் பேசிக்கொள்ளும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1863-ல் ஆரம்பித்த வேலை 1873 நவம்பரில் முடிந்தது. ஸ்விட்சர்லாந்தின் காட்ஹார்ட் மலைப்பாதைக்கும் கெர்விக்கைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இவரைப் பற்றி இன்னொரு சுவாரசியம். பக்கத்து ஊரான ஃபுர்ட்வாங்கனில் 1850-ல் கடிகாரம் செய்யச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் இதே கெர்விக். குயில் வெளியே வந்து கூவுகிற சுவர்க்கடிகாரம் பிழைப்பு நடத்துகிற சீமை இது. அந்த மனிதர் இன்றைக்கு எழுந்து வந்தால் ஜெர்மன் ரயில்வேயின் நேரக் கணக்கைப் பார்த்து மறுபடி படுத்துக்கொள்வார். 2024-ல் நெடுந்தூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. வராமலே போன வண்டி கணக்கில் சேராது! வராதவன் தாமதமாக வந்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்தத் தர்க்கம் நம் ஊர் கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாசஞ்சர் வண்டிகள் பாவம், அவை எவ்வளவோ பரவாயில்லை. நாங்கள் போன அன்று வண்டி நேரத்துக்கு ஓடியதில் வாத்தியாருக்கு வருத்தம். வளையத்தில் பத்து நிமிடம் சிக்னலுக்கு நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அங்கலாய்த்தார்.

ட்ரிபெர்க்கில் இறங்கினோம். எல்லாரும் ஊருக்குள் இருக்கிற அருவியைப் பார்க்கப் போனார்கள். 163 மீட்டர், படிப்படியாக விழுகிறதாம். நாங்கள் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டுக்குள் ஏறினோம், அதே தண்டவாளம் மூன்று மட்டத்தில் தெரிகிற இடம் ஒன்று இருப்பதால். அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தோம். கீழே மரங்களுக்கு நடுவே சிவப்பாகத் தெரிந்தது. மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து நேர் எதிர்த் திசையில், இன்னும் மேலே ஓடியது. போன வண்டி வேறு, வந்த வண்டி வேறு என்றுதான் யாரும் சத்தியம் பண்ணுவார்கள். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அருவியைப் பார்த்துவிட்டு வந்த குடும்பம் ஒன்று எங்களை விலகி நடந்து போயிற்று.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் கேக் சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அதில் சாராயம் இருக்கிறது. செர்ரிப் பழத்தில் காய்ச்சுகிற சரக்கு. அதன் ருசி தெரியாவிட்டால் அந்தப் பெயரில் கேக் விற்கக் கூடாது என்று இங்கே முறையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மறுபடி வண்டி. சோமராவ் டனல் 1,698 மீட்டர், பாதையின் உச்சி அதற்குள்தான், 832 மீட்டர் உயரத்தில். நுழைகிற பக்கம் பெய்கிற மழை ரைன் நதியில் கலந்து வடகடலுக்குப் போகிறது. வெளியே வருகிற பக்கத்து மழை டான்யூபில் கலந்து கருங்கடலுக்கு. வாத்தியார் அந்த டனலில் மட்டும் எதுவும் சாப்பிடவில்லை. மரியாதையாம்.

மாமா, இனி எழுதுவது உங்களுக்கென்றே. டோனவ்எஷிங்கனில் வண்டி மாறி, மாலையில் ஃப்ரைபூர்க்குக்கு இறங்குகிற பாதையில் வந்தோம். 1887-ல் போட்டது. ஹொல்லன்டால் என்கிற இடுக்கான பள்ளத்தாக்கு. ஏற்றம் 17.5-க்கு ஒன்று. நம் நீலகிரி வண்டியில் இருப்பது வேறு வகைப் பல்சக்கரம் என்றாலும், இங்கேயும் 1933 வரை பல்சக்கரத்தில்தான் ஏறினார்கள். பிறகு பத்து கனத்த நீராவி எஞ்சின்கள் வந்து, பல் இல்லாமலே ஏறிக் காட்டின.

விஷயம் அதற்கப்புறம். ஜெர்மனியில் ரயில் கம்பிக்கு 15,000 வோல்ட், 16.7 சைக்கிள். வீட்டுக்கு வருகிற 50 சைக்கிள் கரண்டை நேராக ரயிலுக்குக் கொடுக்க முடியாது. தனியாக உற்பத்தி செய்ய வேண்டும் அல்லது மாற்றிக் கொடுக்க வேண்டும். ஊர்க் கரண்டிலேயே ரயில் ஓட்டினால் என்ன என்று 1936-ல் சோதனைக்கு எடுத்துக்கொண்டது இந்த ஏற்றத்தைத்தான். 20,000 வோல்ட், 50 சைக்கிள், நாலு விதமாகக் கட்டிய நாலு எஞ்சின். போர் முடிந்ததும் இந்தப் பகுதி பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போயிற்று. அவர்களுடைய ரயில்வே எஞ்சினியர்கள் வந்து எல்லாவற்றையும் அக்கு அக்காக ஆராய்ந்தார்கள், தங்கள் ஊர் மலையில் போட்டுப் பார்த்தார்கள், 25,000 வோல்ட்டாகத் தேற்றினார்கள். 1957-ல் இந்திய ரயில்வே அந்த முறையை எடுத்துக்கொண்டபோது ஆலோசகர்களாக இருந்தவர்கள் அதே பிரெஞ்சு ரயில்வேக்காரர்கள். இந்தப் பள்ளத்தாக்கோ 1960-ல் பழைய 15,000 வோல்ட்டுக்கே திரும்பிவிட்டது.

அரக்கோணம் எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் கைநிறைய கிரீஸோடு நீங்கள் பழுது பார்த்த ஒவ்வொரு டபிள்யூ.ஏ.எம்.4 எஞ்சினுக்கும் மேலே ஓடிய 25,000 வோல்ட்டின் தாத்தா வீடு இந்த மலை. இதைச் சொல்லி, என் மாமா அந்த ஷெட்டில் இருந்தவர் என்றேன். வாத்தியார் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து சீட்டுக்காரரிடம் திரும்பி, "இவருடைய மாமா 25 கிலோவோல்ட்" என்று அறிமுகப்படுத்தினார். அந்த மனிதரும் தலைவணங்கினார். எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. பென்ஷன் வாங்கப் போனால் ஜன்னல் ஜன்னலாக அலைய விடுகிறார்கள் என்பீர்களே, இங்கே உங்கள் வோல்டேஜுக்கே மரியாதை.

அந்தப் பாதையில் ராவென்னா பாலம் என்று ஒன்று. ஒன்பது வளைவு, 37 மீட்டர் உயரம், காலண்டர்களில் எல்லாம் அதுதான். ரயிலில் போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. மேலே போகும்போது மரமும் ஆகாயமும்தான். வாத்தியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தத்தை வைத்தே, "இப்போது பாலத்தில் இருக்கிறோம்" என்றார். நானும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஃப்ரைபூர்க்கிலிருந்து வீடு வரை சமவெளி. சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன்.

இப்போது நிலவரம் என்னவென்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்று வாய் தவறிச் சொன்னதில் வாத்தியார் வரும் ஜனவரியில் கிளம்பி வருகிறார். தாஜ்மகால் எல்லாம் வேண்டாமாம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதையில் உட்கார வேண்டும், அரக்கோணம் ஜங்ஷனில் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும், முடிந்தால் ஷெட்டை வாசலிலிருந்தாவது பார்க்க வேண்டும். உள்ளே விட உங்கள் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். தங்குவது உங்கள் வீட்டில்தான். தண்டவாளச் சத்தம் கேட்கிற பக்கத்து அறையைக் கொடுங்கள், ஏ.சி. வேண்டாம், ஜன்னல் திறந்தால் போதும்.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் அத்தையை முன்கூட்டியே தயார் பண்ணி வையுங்கள். காரம் கொஞ்சம் பழகிவிட்டார். ஆனால் ரயிலில் உட்கார்ந்தால் டனல் வந்தால்தான் வாயைத் திறப்பார். அரக்கோணம் பக்கம் ஏது டனல்?

இப்படிக்கு,
அன்பு மருமகன்