பின்வரிசை நாயகர்: 'நிற்றல்' என்னும் துறை பற்றி

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸை ஆராய்ந்தவர்கள் யார் பலசாலி என்ற ஒரே கேள்வியில் ஆயுளைத் தொலைத்துவிட்டார்கள். ஹல்க் ஜெயிப்பானா, சூப்பர்மேன் ஜெயிப்பானா என்று அடித்துக்கொள்கிறவர்களுக்கு, அந்த இருவருக்கும் பின்னால் மூன்றாம் வரிசையில், எவருடைய இறக்கைக்கோ நடுவில் அரை முகம் தெரிய இருக்கிறாரே, அவரைப் பற்றிக் கவலையே இல்லை. இக்கட்டுரை அவரைப் பற்றியது. ஒரு நிறுவனத்தின் நாயகர்கள் மொத்தப் பேரும் ஒரே கதைக்குள் வந்து இறங்கும் 'கிராஸ்ஓவர்'களில் அவர் செய்யும் பணி என்ன?

நிற்கிறார். உடையணிந்து, முஷ்டியை மடக்கி, நிற்கிறார்.

நம் புறத்திணை இலக்கணம் போரை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆநிரையைக் கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மண்ணாசையால் படையெடுத்தால் வஞ்சி, வலிமையை நிலைநாட்டக் களத்தில் மோதினால் தும்பை. கிராஸ்ஓவர் ஐயமில்லாமல் தும்பை. ஆனால் களம்வரை வந்து, ஒருவரையும் தொடாமல், ஒரு கீறலும் படாமல் வீடு திரும்பும் வீரருக்கென்று அந்த இலக்கணத்தில் ஒரு துறை இல்லை. அந்தக் காலத்து வேந்தர்கள் அப்படிப்பட்டவருக்குச் சோறு போட்டிருக்க மாட்டார்கள் போலும். ஆகவே 'நிற்றல்' என்றொரு துறையை இங்கே முன்மொழிகிறேன்.

இத்துறை ஆதியில் இல்லை. 1940இல் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற முதல் நாயகர் சங்கம் கூடியபோது, அனைவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மேசை பொது, சாகசம் தனித்தனி. நிற்க வேண்டிய அவசியமே எழவில்லை.

சிக்கல் 1982இல் தொடங்கியது. மார்வெலின் 'கான்டெஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' முதலில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஒட்டித் திட்டமிடப்பட்டது. அமெரிக்கா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கவே கிடப்பில் போடப்பட்டு, பிறகு மூன்று இதழ்களாக வெளிவந்தது. உலகத்தில் உள்ள நாயகர்களை எல்லாம் ஓர் அரங்கத்துக்கு அள்ளிக்கொண்டு வந்த பிறகு, கிராண்ட்மாஸ்டர் என்ற விளையாட்டுப் பித்தரும் மரணதேவதையும் அதிலிருந்து ஆளுக்கு 12 பேரை மட்டும் விளையாட்டுக்குப் பொறுக்கிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் பொறுக்கப்படாமல் போவதற்காகவே கண்டம் விட்டுக் கண்டம் வரவழைக்கப்பட்டவர்கள். நிற்றல் துறையின் முதல் சான்று இதுவே.

இரண்டே ஆண்டில் மார்வெலே 'சீக்ரெட் வார்ஸ்' (1984–85) என்று 12 இதழ்த் தொடரை இறக்கியது. எழுதியவர் தலைமைப் பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர். மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளோடு சேர்த்து விற்கப் பிறந்த கதை என்பதை ஆய்வாளர்கள் கூச்சத்தோடு அடிக்குறிப்பில் தள்ளுவார்கள். எனக்கு அது தலைப்புச் செய்தி. கடை அலமாரியில் நிற்பதுதானே பொம்மையின் தொழில்? அதே பயிற்சியைக் கதையிலும் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் காலக்கணக்கு தனி விந்தை. பியாண்டர் என்ற சர்வ வல்லவன் நாயகர்களை வேற்றுக் கிரகத்துக்குக் கடத்துகிறான். அவரவர் சொந்த மாத இதழில், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நுழைந்து காணாமல் போனவர்கள், அடுத்த மாதமே திரும்பிவிட்டார்கள். 1984 மே மாத இதழில் ஸ்பைடர்மேன் புதுக் கறுப்பு உடையோடு வந்து நிற்கிறார். அந்த உடை அவருக்குக் கிடைத்த விவரம் சீக்ரெட் வார்ஸ் எட்டாம் இதழில், அதாவது டிசம்பரில்தான் வருகிறது. போரிலிருந்து வீடு திரும்பி, ஏழு மாதம் கழித்துப் போரில் துணி மாற்றிய படைவீரர் வேறெந்த இலக்கியத்திலும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

நான்காம் இதழைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மாலிக்யூல் மேன் என்பவன் ஒரு மலைத்தொடரையே தூக்கி நாயகர்கள் தலையில் போடுகிறான். அட்டையிலேயே எடை அச்சாகியிருக்கிறது: 150 பில்லியன் டன். நம் கணக்கில் 15,000 கோடி. அதை ஹல்க் ஒருவரே முதுகில் தாங்குகிறார். கோபம் ஏறினால்தான் பலம் ஏறும் என்பதால் விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் பக்கத்திலிருந்து அவரைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அயர்ன்மேனின் கவசத்தை வைத்து வெளியேற வழியும் திறக்கிறார்கள். மலைக்கடியில் இருந்த கூட்டத்தில் தாங்கியவர் ஒருவர், திட்டியவர் ஒருவர், கவசக்காரர் ஒருவர். உதவிக்கு இன்னும் ஓரிருவரைச் சேர்த்துக்கொண்டாலும் மிச்சப் பேர் என்ன செய்தார்கள்? இருட்டில் நின்றார்கள். இந்தத் தொடரில் இத்துறையின் சக்கரவர்த்தி வேறொருவர்: கிரகங்களையே தின்னும் கேலக்டஸ். வில்லன் அணியில் சேர்க்கப்பட்டவர், இரு தரப்பையும் சட்டை செய்யாமல் மலையுச்சியில் போய் நின்றுகொண்டார். அந்தக் கம்பீரம் எவருக்கும் வாய்க்காது.

டிசி நிறுவனம் தன் 50ஆம் ஆண்டையொட்டிக் கொண்டுவந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' (1985–86) கூட்டத்தில் எல்லாவற்றையும் விஞ்சியது. எழுத்து மார்வ் வுல்ஃப்மன், ஓவியம் ஜார்ஜ் பெரெஸ். பல பூமிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பட்டாளம். ஆனால் காரியம் நடந்த இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். வில்லன் ஆன்டி-மானிட்டரின் எதிர்ப்பொருள் பீரங்கியை எட்டாம் இதழில் அழிப்பவர் ஃப்ளாஷ், தன்னந்தனியாக. அங்கேயே உயிரையும் விடுகிறார். ஆன்டி-மானிட்டருக்குக் கடைசி அடி கொடுப்பவர் இரண்டாம் பூமியின் வயதான சூப்பர்மேன். ஆக, எத்தனை பேர் வந்தாலும் முடிக்கிறவர் ஒருவர்தான், மற்றவர்கள் சாட்சி.

அப்படியானால் சாட்சிகளை எதற்குக் கூப்பிட வேண்டும்? ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மாத இதழோ, என்றோ நின்றுபோன இதழுக்கு இன்னும் காத்திருக்கும் ரசிகர்களோ உண்டு. தன் ஆளைக் காணாத வாசகர் காசு கொடுக்க மாட்டார். போதாக்குறைக்கு, எந்த இதழும் எவரோ ஒருவருக்கு முதல் இதழ் என்பது அந்தக் காலப் பதிப்பாளர்களின் வேதம். அதனால் பத்தாண்டு பழகியவர்கள்கூட ஒருவரை ஒருவர் முழுப்பெயர் சொல்லி விளித்து, பெற்ற வரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் குத்துவிடப் பாய்வார்கள். வசனம் முடிவதற்குள் கட்டம் முடிந்துவிடும். பாய்ந்தவர் மறுபடி பின்வரிசையில்.

இந்த நெரிசலை நிர்வாகச் சிக்கலாகப் பார்த்த ஒரே பாத்திரம் மார்வெல் வில்லன் தானோஸ். 1991இல் வந்த 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்'டின் முதல் இதழிலேயே விரலைச் சொடுக்கி உயிர்களில் பாதியைக் காலி செய்துவிடுகிறார். காதலுக்காகச் செய்தார் என்கிறது கதை. ஆட்குறைப்பு என்கிறது இவ்வாய்வு. மிஞ்சியவர்கள் நான்காம் இதழில் படையெடுத்து வருகிறார்கள். வால்வரினின் எலும்பு ரப்பராகிறது, தோர் கண்ணாடியாகி நொறுங்குகிறார், சைக்ளோப்ஸின் தலை ஒரு பெட்டிக்குள் அடைபட்டு மூச்சு முட்டுகிறது. கடைசியில் கேப்டன் அமெரிக்கா தனியாளாக எதிரே போய் நிற்கிறார். அந்தப் பக்கம் எப்போது பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும். பிறகுதான் குட்டு உடைகிறது. இத்தனை பேரும் வெறும் போக்குக்காட்டல். படையை வழிநடத்திய ஆடம் வார்லாக்கின் உண்மைத் திட்டம், அந்த நேரத்தில் சில்வர் சர்ஃபர் பறந்துவந்து தானோஸின் சக்திக்கு மூலமான கையுறையைப் பறிப்பது. சர்ஃபர் வந்தார், கையை நீட்டினார், கோட்டைவிட்டார்.

உயிரைக் கொடுத்தவர்களும் பின்வரிசைதான் என்று அந்த ஒரு கட்டம் தீர்ப்பெழுதிவிட்டது. நிற்றலின் உட்பிரிவாக 'செத்து நிற்றல்' என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தொடரையும் வரையத் தொடங்கியவர் அதே பெரெஸ். அதே ஆண்டில் டிசிக்காக 'வார் ஆஃப் தி காட்ஸ்' என்ற மற்றொரு கூட்டக் கதையும் அவர் கையில் இருந்தது. நான்காம் இதழின் நடுவிலேயே பென்சிலை ரான் லிம்மிடம் கொடுத்துவிட்டு விலகினார். பிரபஞ்சத்தில் பாதியைக் குறைத்துக் கொடுத்தும் அந்த மனிதருக்குக் கட்டுப்படியாகவில்லை.

இத்தோடு கூட்டத்தைக் கண்டாலே ஓடியிருப்பார் என்று நினைத்தால் தப்பு. மார்வெலும் டிசியும் கைகோத்த 'ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்' (2003–04) தொடரின் மூன்றாம் இதழ் அட்டையில், இரு சங்கங்களிலும் என்றைக்கோ உறுப்பினராக இருந்தவர்களையும் விடாமல் 200 பேருக்கு மேல் வரைந்து தள்ளினார். கல்யாண குரூப் போட்டோவில்கூட ஒரு சித்தப்பா விடுபடுவார். இதில் ஒருவர் விடுபடவில்லை. அந்த அட்டையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே வசனம் உண்டு என்று எண்ணும் பணியை அடுத்த ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறேன். பூதக்கண்ணாடியை அவரே கொண்டுவர வேண்டும்.