முப்பது லட்சத்து ஒன்றாவது ஆள்

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் காலையில் திருவண்ணாமலைக்காரனுக்கு ஒரு வேலை உண்டு: கூட்டம் எத்தனை என்று பேப்பரில் பார்ப்பது. 25 லட்சம் என்று இருக்கும், 30 லட்சம் என்று இருக்கும். 29,87,413 பேர் வந்தார்கள் என்று ஒரு வருஷமும் நான் படித்ததில்லை.

30 லட்சத்தின் அக்கம்பக்கத்தில் சராசரியாகப் பதினைந்து எண்ணுக்கு ஒன்று பகா எண். அப்படியிருந்தும் பகா எண்ணிக்கையில் பக்தர்கள் வந்ததாகச் செய்தியே கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் ஐந்து சைபரோடு, லட்சத்தால் மீதியின்றி வகுபடும்படி பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள். அண்ணாமலையாருக்கு அப்படி ஒரு ராசி.

குறை சொல்லக்கூடாது, 30,00,000 சாதுவான எண்தான். ஆறு 2, ஆறு 5, ஒரே ஒரு 3, எல்லாவற்றையும் பெருக்கினால் முடிந்தது. அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மட்டும் 98. அதாவது, வந்த கூட்டத்தை ஆள் மிச்சமில்லாமல் 98 விதமாகச் சமபங்கு போடலாம். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் இதில் ஒரு விதமும் பலிப்பதில்லை.

என் மச்சினன் வேலூரிலிருந்து எல்லாருக்கும் கடைசியாக, மலையில் தீபம் ஏற்றிய பிறகுதான் வந்து இறங்குவான். "கூட்டமே இல்லையே மாமா" என்பான். அவனைச் சேர்த்தால் 30,00,001. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. 98-இல் 97 அந்த நொடியே காலி. ஒற்றை ஆள் வந்து இவ்வளவு கெடுக்க முடியும் என்றால் என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் தம்பியாயிற்றே.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். 30 லட்சம் பேரும் ஒரே நேரத்தில் ஒற்றை வரிசையில் நின்றால் ஆளுக்கு அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. நல்லவேளை, வரிசையில் நிற்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இதே ஊரில் ராஜகோபுரம் 217 அடி. யாரும் அதை 200 என்று இறக்கவும் இல்லை, 250 என்று ஏற்றவும் இல்லை. அளந்தபடி சொன்ன எண்ணின் களையைப் பாருங்கள். 6-இன் கனம் 216. ஒன்று கூட்டினால் 217. 9-இன் கனத்திலிருந்து 8-இன் கனத்தைக் கழித்தாலும், 729 − 512, அதே 217. ராமானுஜனின் தாள்களை 1976-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். அவற்றில் இந்தச் சங்கதி 6³ + 8³ = 9³ − 1 என்று இருக்கிறது. 1729-ஐத் தரும் 9³ + 10³ = 12³ + 1 என்ற வரியும் அதே பக்கத்தில்தான். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் எங்கள் கோபுரத்தை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. மாட வீதியில் யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

நிருபர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தீபத்துக்காவது கூட்டத்தை 1, 3, 7, 9 இவற்றில் ஒன்றில் முடித்து எழுதுங்கள். பெரிய எண் பகா எண்ணாக இருக்க அதுதான் குறைந்தபட்சத் தகுதி. எப்படி எண்ணினீர்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்க மாட்டோம். இதுவரைக்கும் கேட்டதில்லை.