வேப்பூர் மேலாளரின் விண்ணப்பம்

பெறுநர்: இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு
பொருள்: இல்லாத அணியை நடத்துபவன், இருக்கிற அணியை நடத்துபவர்களுக்கு எழுதிக்கொள்வது

ஐயா,

கடலூர் மாவட்டம் வேப்பூரில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸர்பீட்டர் என்ற இணைய விளையாட்டில் ஒரு கூடைப்பந்து அணியை நடத்திவருகிறேன். பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையையாவது கையில் எடுத்துப் பார்க்கலாம். என் ஆட்டக்காரர்களுக்கு அதுவும் இல்லை. பேர், உயரம், சம்பளம், அவ்வளவுதான். ஆனால் செவ்வாயும் சனியும் லீக் ஆட்டம் நின்றதே கிடையாது. 14 வாரத்தில் சீசன் முடியும், அடுத்தது தானாகவே தொடங்கும். குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை.

தங்கள் கணக்கையும் புரட்டினேன். 2010இல் ஐஎம்ஜி ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டீர்கள். 2015இல் ஒரே கூட்டமைப்புக்கு இரண்டு நிர்வாகம் முளைத்து, அசல் எது என்று உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வந்த யூபிஏ தனியார் லீக் 2017க்குப் பிறகு ஆளையே காணோம். 2022இல் ஐஎன்பிஎல் என்ற லீக் தொடங்கியது. 2023 ஜனவரியில் சென்னை ஹீட் அணி அதன் கோப்பையைத் தூக்கியது. அந்த லீக் ஐஎன்பிஎல் புரோ என்று திரும்பி வந்தபோது 2025 பிறந்துவிட்டது. என் கணக்கில் அந்த இடைவெளி ஏழு சீசன்.

அணி கட்டுவது பற்றி அடியேனுக்குத் தெரிந்தது கொஞ்சம். பெரிய தலைகளாக வாங்கிப் போட்டால் திங்கட்கிழமை சம்பளம் போடும்போது கஜானா காலி. 18 வயதுப் பையன்களை எடுத்து வளர்க்க வேண்டும். வாரத்துக்கு 48 நிமிடம் களத்தில் நின்றவனுக்குத்தான் பயிற்சி முழுசாக ஏறும். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு எந்தக் கோச்சும் ஒன்றும் செய்ய முடியாது. ஏழடிக்காரனுக்கு பாஸ் கொடுக்கக் கற்றுத்தர வேண்டுமென்றால் அவனைப் பாயிண்ட் கார்டாக இறக்கிவிட்டு, அந்த ஆட்டத்தைத் தெரிந்தே தோற்க வேண்டும். தோற்பது நமக்கும் புதிதல்ல. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றது. அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அந்தத் தோல்விகளில் யாருக்கு என்ன பயிற்சி ஏறியது என்று கோப்பில் ஏதும் குறிப்பு உண்டா?

என் விளையாட்டில் ஆள் எடுப்பது ஏலத்தில். எங்களூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், முதுகை அழுத்திப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்த்துத்தான் விலையே பேசுவார்கள். விளையாட்டு ஏலத்தில் எல்லாம் எழுதியே இருக்கும். யார் சிபாரிசு என்று நிரப்ப மட்டும் கட்டம் இல்லை. இந்தக் குறையை விளையாட்டு நடத்துபவர்களிடம் தாங்களே எடுத்துச் சொன்னால் நன்று.

ஒன்றில் நாம் என் விளையாட்டை முந்திவிட்டோம். 2015 என்பிஏ தேர்வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது ஆளாக எடுத்த சத்னம் சிங், பிறகு அமெரிக்காவில் மல்யுத்த மேடை ஏறினார். ஏழடி சென்டரை மல்யுத்தத்துக்கு மாற்ற என் விளையாட்டில் பட்டனே இல்லை.

கோரிக்கை ஒன்றுதான். அடுத்த லீக் எந்தத் தேதி, அதற்கடுத்தது எந்தத் தேதி என்று ஒரு நாட்காட்டி அச்சடித்துத் தாருங்கள். சிவகாசிக்காரர்கள் மலிவாகப் போட்டுத் தருவார்கள்.

சனிக்கிழமை எனக்கு மேட்ச் இருப்பதால் பதிலை வெள்ளிக்குள் அனுப்பவும். அதற்குள் கூட்டமைப்பு மறுபடி இரண்டாகிவிட்டால் இரண்டு பேருமே அனுப்பலாம், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
மேலாளர், வேப்பூர்