கை மறைப்பியல்: கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

டேப்லெட்டில் மனித உருவம் வரையப் பழகுகிறவர்களின் படங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும்: அவற்றில் யாருக்கும் கை இல்லை. ஒருவர் கைகளைப் பின்னால் கட்டியிருப்பார். ஒருவர் பேன்ட் பைக்குள் விட்டிருப்பார். ஒருத்தி, காரணமே இல்லாமல், மிளகுக் கொடிக்குப் பின்னால் நிற்பாள். இதற்குக் 'கை மறைப்பு' என்று பெயரிட்டு ஆராயப் புகுந்தது இக்கட்டுரை. ஆய்வாளரின் தகுதி: எட்டு மாதப் பயிற்சி, அதில் ஒரு கைகூடக் கைவராமை.

களம் கொல்லிமலை ஆனது ஏன் எனின், வரைகிறவனை வெட்கப்பட வைக்கும் பெண்ணுருவம் இங்கேதான் இருக்கிறது. கொல்லிப்பாவை. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அவள் வடிவம் குலையாது என்கிறது பரணர் பாடிய நற்றிணைப் பாட்டு. நான் வரைந்த பாவைக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். சேமிப்பதற்குள் சார்ஜ் இறங்கினால் போதும். சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பது அவளைப் பற்றிய கதை. என் பாவையைப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

அந்தப் பாவையைத்தான் மலையில் இன்று எட்டுக்கை அம்மன் என்று கும்பிடுகிறார்கள். ஆய்வின் முடிச்சு இங்கே விழுகிறது. மனித உடம்பில் எலும்பு 206. ஒரு கையில், மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை, 27. இரண்டு கைக்கு 54. அதாவது உடம்பின் கால் பங்குக்கு மேல் அங்கேயே குவிந்து கிடக்கிறது. கை வராததற்கு வரைகிறவன் காரணமல்ல, படைத்தவன்தான் என்பது இதனால் பெறப்படும். இனி அம்மன் கணக்கு: எட்டு இருபத்தேழு 216. ஒரு முழு எலும்புக்கூட்டையே வரைந்து முடித்தாலும் அம்மனின் கைகளுக்குப் பத்து எலும்பு பாக்கி நிற்கும். இந்தக் கணக்குப் போட்ட அன்று நான் டேப்லெட்டைத் தொடவில்லை.

மென்பொருள் உதவுமே என்பார் கூற்றை மறுக்கிறேன். ஒரு கையை வரைந்து நகலெடுத்து, எட்டு லேயரில் அடுக்கிப் பார்த்தாயிற்று. எட்டுக் கையும் ஒரே திசையில் ஒரே மாதிரி விரலை மடக்கி, பஸ்ஸை நிறுத்தச் சொல்வதுபோல் வந்தது. பிரோக்ரியேட் என்ற வரையும் செயலியில் இரண்டு விரலால் திரையைத் தட்டினால் போட்ட கோடு அழியும். விரலை வரையத் தெரியாதவன் தன் விரலாலேயே அதை அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, குறும்புக்காரர். இதே மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்கிறது புறநானூறு. ஒரே கோட்டில் எனக்கு ஒரு சுண்டுவிரல் முடிந்ததில்லை.

அளவு பற்றி நூலோர் சொன்னதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் சிற்ப மரபில் நவதாளம் என்றால் ஒன்பது முக உயரம், 108 அங்குலம். ஆண்ட்ரூ லூமிஸ் 1943-இல் போட்ட புத்தகத்தில் இலட்சிய உருவத்துக்கு எட்டுத் தலை. கையின் நீளம் முகவாயிலிருந்து மயிர் தொடங்கும் இடம் வரை என்பது வாய்மொழி விதி. சோதிக்க விரும்புவோர் கையால் முகத்தை மூடிப் பார்க்கலாம். படம் முடிந்ததும் பலர் சொல்லாமலே செய்வதுதான்.

இனிக் கொல்லிமலைக்கே உரிய மறைப்பு முறை: கம்பளி. நாமக்கல் பக்கம் காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர் தானாக வரும். போர்த்திய ஆளை வரைந்தால் முழங்கை, மணிக்கட்டு, பத்து விரல் எல்லாம் ஒரே மடிப்பில் முடிந்துபோகும். ஆதாரமாக மலைக்காற்றே இருக்கிறது. இதைவிட நேர்மையான மறைப்பு உலகில் இல்லை என்ற முடிவோடு செம்மேட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவைப் போர்த்திவிட்டு வரைந்தேன். கிளாஸை வைக்க வந்தவர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது நானுங்களா?"

"ஆமாங்கம்மா."

"சித்திரை மாசத்துல எதுக்குங்க கம்பளி?"